இனி ஒரு வீடும் வேண்டாம்

அந்தக் கொப்பியை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ, அந்த ஆட்களோடு என்னையும் சேர்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் முன்பள்ளி ஆசிரியை. மன்னார்த் தீவில், பட்டினத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, கடற்கரைக்குப் போகிற மணல் பாதையின் இரண்டு பக்கமும் எங்கள் குடியேற்றம் இருக்கிறது. யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியபோது குடும்பத்துக்கு இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், காணி அளந்து கொடுத்தார்கள். அப்போது இரண்டு வரிசை வீடு. இப்போது ஆறு வரிசை. ஏழு வயதில் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமிலும் பிறகு வேறொரு முகாமிலும் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, புருசனோடு திரும்பி வந்தவள் நான். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர் தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது போய், புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். கடைசி வரிசையில், பள்ளத்தில், கடலுக்குப் போகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். வங்காலை ஆள், இங்கே பெண் எடுத்ததால் எங்களுக்கெல்லாம் முந்தியே இங்கே தங்கியவர்.

ஊர்ச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எழுத வாசிக்கத் தெரியும், பின்னேரத்தில் வேலை இல்லை, அதனால் என் தலையில் கட்டினார்கள்.

ஒருநாள் அரசாங்கத் திட்டமிடல் கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். வவுனியாப் பக்கம். முப்பது வயது இருக்காது. முன்பள்ளி முடிந்து நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வந்தவள் விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு எதிரே இருந்து கதைத்தாள்.

"பட்டினம் வெளியால பரவுது டீச்சர். ஒழுங்கில்லாமல் வீடு வருது. கிணறு உப்பாகுது, மாரிக்கு வெள்ளம் நிக்குது. இந்தப் பக்கத்துக்கு ஒரு திட்டம் போடப்போறம். முந்தி மாதிரி மேல இருந்து போட மாட்டம். மக்கள் என்ன நினைக்கினம் எண்டு கேட்டுத்தான் போடுவம்."

"ஆரிட்ட கேப்பியள்?"

"உங்களிட்டத்தான். வீடுவீடாப் போய்க் கேளுங்கோ. அவை சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ. ஒண்டையும் திருத்த வேண்டாம்."

எனக்கு அது பெருமையாக இருந்தது.  எங்களிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. முகாமில் எண்ணினார்கள், திரும்பி வரக் கப்பலில் ஏற்றும்போது எண்ணினார்கள், காணி தரும்போது எண்ணினார்கள். என்ன நினைக்கிறாய் என்று கேட்டவர் இல்லை. கடையில் கோடு போட்ட தடித்த கொப்பி ஒன்று வாங்கினேன். மூன்று கிழமை, ஒவ்வொரு பின்னேரமும், வெயில் தாழ்ந்ததும் படலை படலையாகத் தட்டினேன்.

ராத்தா எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, நிதானமாகச் சொன்னார். "என்ர மூத்த மகளும் மூண்டாவது மகளும் இன்னும் புத்தளத்திலதான். பதிவும் அங்க. பிள்ளைகளின்ட பள்ளிக்கூடம் முடிய வருவம் எண்டிருக்குதுகள். இது அவங்கட மண். அவங்க வர இடம் வேணும். அதை வடிவா எழுதுங்க டீச்சர்." எழுதினேன்.

பள்ளத்து அண்ணை வலை பின்னிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "மாரி வந்தா என்ர வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி. முந்தி இப்பிடி இல்லை. பின்னுக்கு வந்தவையெல்லாம் கிறவல் மண் கொட்டி வளவை உயத்திப்போட்டினம். தண்ணி எங்க போகும்? என்னட்டத்தான் வரும். இனி ஆரையும் விட வேண்டாம் எண்டு எழுதுங்கோ." எழுதினேன்.

நறுவிலிக்குளத்தில் வயல் வைத்திருக்கிற ஒருவர், பிள்ளைகளின் படிப்புக்காக எங்கள் ஐந்தாவது வரிசையில் காணி வாங்கி வீடு கட்டியிருந்தார். தன் காணியை இரண்டாகப் பிரித்துத் தங்கைக்குக் கொடுக்க வேண்டும், அதற்குத் தடை வரக்கூடாது என்றார். அதையும் எழுதினேன்.

கடைசியாக என் வீடு. என் வீட்டை விடுவேனா? நானும் இந்த ஊர்தானே. வந்த புதிதில் எங்கள் கிணற்றுத் தண்ணி தேத்தண்ணிக்கு நல்லது என்று அடுத்த வரிசையில் இருந்தும் குடத்தோடு வருவார்கள். மணலுக்குக் கீழே கொஞ்சம் நல்ல தண்ணி, அதற்குக் கீழே உப்பு. மேலே இருக்கிறதை மோட்டர் போட்டு உறிஞ்சினால் உப்பு எழும்பி வரும். எழும்பி வந்தது. சவர்க்காரம் நுரைக்காது. சோறு வடிவாக அவியாது. குடிக்கத் தண்ணிப் பவுசர் லொறி எப்போது வரும் என்று ரோட்டில் வாளி அடுக்கி நிற்கிற நிலைமை. அந்த எரிச்சலோடு என் வீட்டு இலக்கத்தைப் போட்டு எழுதினேன்: "எங்கட கிணறு உப்பாப் போச்சு. இருக்கிற ஆக்களுக்கே தண்ணி காணாது. இனி ஒரு வீடும் வேண்டாம்."

கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வவுனியாப் பிள்ளை நாலு பக்கம் புரட்டிவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீங்கள் டீச்சர்" என்றாள்.

அது கழிந்து இரண்டு மாதம் இருக்கும். என் தங்கச்சி போன் எடுத்தாள். அவள் மண்டபம் முகாமில் பிறந்தவள். மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. முகாமிலேயே கல்யாணம் முடித்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு இன்னும் அங்கேதான் இருந்தாள். பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு.

"அக்கா, நாங்க வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு. உன் காணியில பாதியில ஒரு சின்ன வீடு போட்டுக்கறோம். முடியும்ல?"

"ஏன் முடியாது? வா," என்றேன்.

என் வாயில் இருந்து அது ஒரு தயக்கமும் இல்லாமல் வந்தது. கொப்பி எனக்கு ஞாபகம் வரவே இல்லை. பொய் சொல்லவில்லை. இனி ஒரு வீடும் வேண்டாம் என்று எழுதும்போது நான் நினைத்தது முகம் தெரியாத யாரோ சிலரை. தங்கச்சி ஒரு வீடு என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் தங்கச்சி.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பத்து மணி என்று சொல்லிப் பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். கொழும்பில் இருந்து ஒரு பெரியவர், அவருக்கு மொழிபெயர்க்க ஒருவர், பக்கத்தில் எங்கள் வவுனியாப் பிள்ளை. வாசலில் ஒரு தாள் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வரவுப் பதிவு என்றார்கள். போட்டோம்.

சுவரில் வரைபடம் விழுந்தது. எங்கள் வரிசைகள் எல்லாம் மஞ்சள். கடைசி வரிசையின் பள்ளப் பக்கம் நீலம். மணல் பாதை முடிகிற இடத்தில், கடலோரமாக, பெரிய ரோஸ் நிறத் துண்டு ஒன்று.

மஞ்சள் என்றால் கட்டுப்படுத்தப்பட்ட குடியிருப்பு. இன்றைய பதிவில் இருக்கிற குடும்பங்களோடு சரி. இனிப் புதுப் பதிவு இல்லை. காணி பிரிக்கக் கூடாது. ஒரு காணியில் இரண்டாவது வீடு கூடாது. நீலம் என்றால் வடிகாலுக்கு ஒதுக்கியது. அதில் இருக்கிற மூன்று வீடுகளை இடித்து எடுக்க வேண்டும். மூன்றில் நடு வீடு அண்ணையுடையது. ரோஸ் என்றால் சுற்றுலா. அங்கே பெரிய ஹோட்டல் ஒன்று வரப்போகிறது.

நான் எழும்பினேன். "ஹோட்டலுக்குத் தண்ணி எங்க இருந்து?"

மொழிபெயர்ப்பவர் கேட்டுச் சொன்னார். "குழாய்க் கிணறு அடிப்பினம்."

"தண்ணி காணாது எண்டுதானே எங்கட ஆக்களை மட்டுப்படுத்திறியள். அங்க வந்து நிக்கிறவை குடிக்க மாட்டினமோ? குளிக்க மாட்டினமோ?"

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை கேள்வி கேட்டால் சிரிப்பது போல. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வந்த பதில் இது: "தங்கிவிட்டுப் போகிறவர்கள் குடித்தொகைக்குள் வரமாட்டார்கள்."

மண்டபத்தில் சத்தம் எழும்பியது. பெரியவர் கையைக் காட்டி அமர்த்தினார். இந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் கொண்டுவரவில்லை, நீங்களே கேட்டீர்கள், என்றார். வவுனியாப் பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவள் பைக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். என் கொப்பி. அட்டையில் என் கையெழுத்து.

அவள் தலையைத் தூக்காமல் வாசித்தாள். "இனி ஆரையும் விட வேண்டாம்." அது அண்ணையின் வாக்கியம். அடுத்து வீட்டு இலக்கத்தோடு என்னுடையது. இனி ஒரு வீடும் வேண்டாம். இன்னும் மூன்று நான்கு. எல்லாம் ஒரே மாதிரி. ராத்தா சொன்னதை வாசிக்கவில்லை. நறுவிலிக்குளத்தார் சொன்னதை வாசிக்கவில்லை. கிறவல், மோட்டர், வெள்ளம், ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று முடிகிற வசனங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றை மக்கள் என்று ஆக்கிவிட்டார்கள்.

ராத்தா மூன்றாவது கதிரையில் இருந்து என் பக்கம் திரும்பினார். "அது உன்ர வீட்டு இலக்கமெல்லோ?"

பத்து வருசத்தில் அவர் என்னை 'உன்ர' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணை எழும்பி நின்றார். கடல் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல். "ஆக்களை விட வேண்டாம் எண்டு சொன்னனான். ஓம், சொன்னனான். என்னைக் கிளப்பச் சொல்லியோ சொன்னனான்?"

அதை மொழிபெயர்ப்பவர் மொழிபெயர்க்கவில்லை. கூட்டம் முடிந்தது. எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. சிலர் வாங்கினார்கள், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து புருசனிடம் கத்தினேன். அவர் மேசன் வேலை செய்கிறவர், நாளுக்கு நாலு சொல் கதைக்கிறவர். "கையெழுத்தும் போட்டாச்செல்லோ," என்றார். அப்போதுதான் எனக்கு அந்த வரவுத் தாள் விளங்கியது. அடுத்த கிழமை கந்தோர் அறிவித்தல் பலகையில் திட்டத்தின் பிரதி ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் எங்கள் கையெழுத்துகள். மேலே, பொதுமக்களின் இணக்கம் என்று தலைப்பு.

மன்னிப்புக் கேட்க ராத்தா வீட்டுக்குப் போனேன். குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கதிரை தரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், கிணற்று எரிச்சலில் எழுதியது, உங்களை நினைத்து எழுதவில்லை என்று.

"என்னை நினைக்காமத்தான் எழுதியிருப்ப," என்றார். "எங்களைப் போகச் சொன்னவங்களும் காரணம் வச்சிருந்தாங்க. எங்கட முகத்தைப் பாக்காமத்தான் சொன்னாங்க. இப்ப நீயும் காரணம் வச்சிருக்க."

எனக்குக் கோபம் பொங்கியது. அதையும் மறைக்கப்போவதில்லை. நானும் ஓடியவள்தானே, என்னை எப்படி அந்த ஆட்களோடு சேர்க்கலாம் என்று. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. என் தங்கச்சி வரப்போகிறாள், என் காணியிலேயே அவளுக்கு இடம் இல்லை என்று ஆக்கிவைத்தது என் சொந்தக் கையெழுத்து என்பதைச் சொன்னேன். ராத்தா சுளகை நிலத்தில் வைத்தார்.  இரக்கப்படவில்லை.

"அப்ப கந்தோருக்குப் போவம்," என்றார். "உனக்காக இல்லை. என்ர ரெண்டு பிள்ளைக்காக வாறன்."

அண்ணையும் வந்தார். மூன்று பேரும் ஒரு ஓட்டோவில், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் போனோம். அண்ணைக்கு ராத்தாவின் பிள்ளைகள் வரக்கூடாது. ராத்தாவுக்கு வர வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் வாயைத் திறக்க முகம் இல்லை.

வவுனியாப் பிள்ளை தனியாக இருந்தாள். "என்ர கொப்பியைத் தாங்கோ," என்றேன்.

"அது பைலுக்குள்ள போயிட்டுது டீச்சர். திருப்பித் தரேலாது."

நான் மேசையில் அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு கந்தோர் மேசையில் நான் கை வைத்தது அதுதான். "அப்பிடியே எழுதுங்கோ, ஒண்டையும் திருத்த வேண்டாம் எண்டு சொன்னது நீங்கள்தானே? நான் திருத்தேல்லை. நீங்கள் ஏன் வெட்டினீங்கள்?"

அவள் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினாள். "நான் உங்கட கிணத்துத் தண்ணியைச் சோதிச்சனான் அக்கா," என்றாள். டீச்சர் போய் அக்கா ஆகியிருந்தது. "உப்பு ஏறுறது உண்மை. அது பொய்யில்லை. ஒரு அளவுக்கு மேல அந்த மண் தாங்காது. எத்தினை குடும்பம் தாங்கும் எண்டு அளக்க வேணும், ஒரு மாரியும் ஒரு கோடையும் வேணும் எண்டு எழுதிக் குடுத்தனான். நேரமில்லை எண்டிட்டினம். ஒரு தொகையைப் போடு எண்டினம். இப்ப இருக்கிற தொகையைப் போட்டன்."

"அளக்காமலோ?" என்று ராத்தா கேட்டார்.

"அளக்காமல்தான்."

"ஹோட்டலுக்கு?"

"அது எனக்கு மேல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும். கண்ணைத் தாழ்த்தாமல் இருந்தாள். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, சங்கத்தின் பேரில் ஒரே ஒரு கடிதம் வந்தால் ஒரு ஆட்சேபம் என்று எடுப்பார்கள், ஆளாள் எழுதினால் ஒவ்வொரு ஆளுக்கும் பதில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து, முன்பள்ளியில் எல்லோரையும் கூப்பிட்டேன். பெரிய கதிரை கிடையாது. கடலில் வள்ளம் தள்ளுகிற ஆம்பிளைகள் சிவப்பும் பச்சையுமான பிளாஸ்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். சிரிப்பு வர வேண்டிய காட்சி. ஒருவருக்கும் வரவில்லை.

தொடங்கினது நான். மோட்டர் போட்டுத் தென்னங்கன்றுக்கு இறைக்கிறவர்கள் முதலில் நிற்பாட்ட வேண்டும் என்று நறுவிலிக்குளத்தாரைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்கட அவர் எங்கட வரிசையில ஆக்களுக்கு வீடு கட்டேக்க சீமெந்து குழைக்கத் தண்ணி ஆரின்ட கிணத்தில எடுத்தவர்?" என்றார் அவர். "என்ர மோட்டரிலதான்."

அண்ணை எழும்பினார். "மோட்டரை விடுங்கோ. கிறவலைக் கதையுங்கோ. டீச்சர், நீங்கள் எத்தினை லோட் கொட்டினீங்கள்?"

மூன்று லோட். நான் மறந்தே போயிருந்தேன். முற்றத்தில் தண்ணி நிற்கிறது, பிள்ளைகள் சேறு பூசிக்கொண்டு வருகிறார்கள் என்று மூன்று லோட் கிறவல் கொட்டி உயர்த்தியவள் நான். என் முற்றத்தில் நிற்காத தண்ணி அண்ணையின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று கிழமை வீடுவீடாகப் போய் அவர் சொன்னதை எழுதியபோதும், 'பின்னுக்கு வந்தவை' என்று அவர் சொன்னது என்னையும்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அவர் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

"மூண்டு," என்றேன்.

 அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. மத்தியானம் வரை போனது. ஆட்களை விட வேண்டுமா வேண்டாமா என்பதில் கடைசி வரை ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்ததாக நான் பொய் எழுத மாட்டேன். கோடையில் மோட்டர் போடுவதில்லை என்பதில் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். கிறவல் போட்ட வளவுகளின் வேலியோரம் வாய்க்கால் வெட்டி, தண்ணியைப் பள்ளத்துக்கு விடாமல் கடல் பக்கம் திருப்புவது என்பதில் ஒத்துக்கொண்டார்கள். என் வேலியைத்தான் முதலில் பிடுங்கினோம்.

ஆட்சேபத்தை ஆளாள் எழுதினோம். இந்த முறை நான் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, அவர்களுடைய பிள்ளைகள் எழுதினார்கள். வர வேண்டும் என்றவர்கள் வர வேண்டும் என்று எழுதினார்கள், வரக்கூடாது என்றவர்கள் வரக்கூடாது என்று எழுதினார்கள். ஆனால் எல்லோரும் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: முதலில் தண்ணியை அளந்து பாருங்கள், அளக்கும்போது ஹோட்டலையும் சேர்த்து அளந்து பாருங்கள். கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தும்வரை அந்த விறாந்தையில் நின்றோம்.

என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வவுனியாப் பிள்ளைக்கு இடமாற்றம் வந்தது. மூன்று வீடுகளை எடுப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அண்ணைக்குக் கடிதம் வந்தது. அந்தத் 'தற்காலிகமாக' என்ற சொல்லுக்குக் கீழே அவர் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். குடும்பத் தொகைக் கட்டுப்பாடு அப்படியே கிடக்கிறது. ஒருவரும் அளக்கவில்லை. ரோஸ் நிறத் துண்டைச் சுற்றி மதில் எழும்பிவிட்டது. அந்த மாரிக்கு எங்கள் வாய்க்கால் நன்றாகத்தான் ஓடியது, மதில் வரைக்கும். அங்கே முட்டி நின்று, பாதை முழுக்கக் குளமாகி, இப்போது முன்பள்ளிக்குப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அண்ணை வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் வந்தது. அதை அவர் எனக்குச் சொன்னபோது நல்ல சேதி போலச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஒரு மனிசன் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணி வந்ததை நல்ல சேதியாகச் சொல்ல வைத்துவிட்டார்களே.

தங்கச்சி வந்தாள். விமான நிலையத்தில் இருந்து வான் ஒன்று பிடித்து வந்து இறங்கி, மணலில் காலை வைத்துவிட்டு, "இதுதானாக்கா?" என்றாள். இரண்டாவது வீடு கட்ட முடியாது. இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பம். பதிவுக்குக் கிராம அலுவலரான விதானையாரிடம் போனால், தனிக் குடும்பமாகப் பதிய முடியாது, உங்களோடு சேர்ந்த உறவினர் என்று வேண்டுமானால் எழுதலாம் என்றார். முப்பது வருசம் முகாமில் அகதி என்று எழுதப்பட்டவள், தன் சொந்த ஊரில் உறவினர் என்று எழுதப்பட்டாள்.

அவள் வந்த நாலாவது நாள் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரும் சொல்வதற்கு முதல் நான் சொல்ல வேண்டும் என்று. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள், நுரைக்காத சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு. கேட்டுவிட்டு, பிழிந்த துணியைத் திரும்பவும் வாளிக்குள் போட்டாள்.

"நான் வரணும்னு உனக்கு ஆசையே இல்லையாக்கா?"

"அது இல்லையடி..."

"அப்ப எப்படி அத எழுதின?"

அதற்குப் பிறகு அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பவுசர் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் என்னோடு வாளி தூக்கினாள். அவ்வளவுதான் சமாதானம்.

எட்டு மாதம் போனது. தங்கச்சி இந்த ஊருக்குப் பழகிவிட்டாள். 'எண்டு' என்று சொல்லப் பழகினாள். பவுசருக்கு முதல் ஆளாக நிற்கப் பழகினாள். போன மாதம் ஒரு பின்னேரம் அவளுக்கு முகாமில் இருந்து போன் வந்தது. அங்கே அடுத்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த குடும்பம். அவர்களும் வர யோசிக்கிறார்களாம். எங்கள் குடியேற்றத்தில் பூட்டிக்கிடக்கிற ஒரு வீட்டை வாடகைக்குப் பேசித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "இங்க இடமில்லன்னு சொல்லிடவாக்கா? தண்ணி ஏற்கெனவே பத்தல."

நான் கத்தினேன். ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நீ வந்து எத்தனை மாதம், உனக்கு இதைச் சொல்ல என்ன வாய் இருக்கிறது என்று. அவள் அசையவில்லை. "நீ எழுதலாம், நான் சொல்லக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவள் மேலா, என் மேலா, அளக்காமல் ஒரு தொகையை எழுதி எங்களை ஒருவர் தொண்டையை ஒருவர் பிடிக்க விட்டுவிட்டு மதிலுக்குப் பின்னால் குழாய் அடிக்கிறவர்கள் மேலா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

போனைப் பிடுங்கினேன். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், பயந்த குரல்.

"தண்ணி உப்பு," என்றேன். "குடிக்கப் பவுசரைத்தான் பாக்க வேணும். மாரிக்குப் பாதையில வெள்ளம் நிக்கும். பதிவு கிடைக்காது, வீடு கட்ட விடாயினம். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், பிறகு நான் மறைச்சனான் எண்டு சொல்லக் கூடாது. கேக்குதோ?"

"கேக்குதுக்கா."

"வாறதெண்டா வாங்கோ."

அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. தங்கச்சியும் நானும் கதைக்கிறோம், ஆனால் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நேற்று நான் போய் அந்தப் பூட்டிக்கிடக்கிற வீட்டின் திறப்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தேன்.